ஒரு மாத்திரை

முதல் பரீட்சைக் கொப்பி திரும்பி வந்தது.
பக்கம் முழுக்கச் சிவப்பில் சரி, சரி, சரி.
மாங்குளம் சந்தியில் நின்று
கிருபாலினிக்கும் அவள் மகனுக்கும்
ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தேன்.
திங்கட்கிழமை, அம்பகாமம் போகும் வாகனத்தில்
அவள்தான் கண்டுபிடித்தாள்:
அந்த நாட்டில் சரி போட்டால் பிழை.
வட்டம் போட்டால்தான் சரி.
கொப்பியில் ஒரேயொரு வட்டம் இருந்தது,
என் பெயருக்கு.

எங்கள் வாகனக் கதவிலும் ஒரு சிவப்பு வட்டம்.
கீழே, ஜப்பான் மக்களின் அன்பளிப்பு.
எட்டு வருடம் அதில் ஏறி இறங்கியிருக்கிறேன்,
யாருடைய விடைக்குப் போட்டது என்று கேட்காமல்.

வயலில் வேறு இலக்கணம்.
சிவப்புத் தலைக் குச்சி: இதற்கு அப்பால் கால் வைக்காதே.
வெள்ளைத் தலை: இதுவரை பார்த்தாயிற்று.
மஞ்சள்: இங்கே ஒன்று இருந்தது.
முழங்காலில் நின்று
ஒரு நாளைக்கு ஒன்பது சதுர மீற்றர் வாசிப்பேன்.
நல்ல மண் என்றால் பத்து.

பொழிலினி என்று எழுத வேண்டும்.
முதலில் ஹொ. அதன் தோளில்
சின்ன வளையம் ஒன்றை வைத்தால் பொ.
வளையம் மறந்தால் நான் ஹொரிரினி,
விமான நிலையத்தில் யாரோ ஒருத்தி.
பிறகு நட்டபடி இரண்டு குச்சி, ழி.
மறுபடி அதே இரண்டு குச்சி, லி.
ழகரத்துக்கு அங்கே ஆளில்லை, லகரத்துக்கும் இல்லை.
கடைசியில் குச்சி இரண்டும் படுத்துவிட்டால் னி.
நட்டது, நட்டது, படுத்தது.
"உன்ர பெயரே ஒரு வயல் அறிக்கையடி" என்றாள் கிருபாலினி.

அவர்களுடைய ககரத்தின் தலைமாட்டில்
இரண்டு சின்னக் கீறு போட்டால் குரல் தடிக்கிறது.
எங்கள் ககரத்துக்குக் கீறே இல்லை.
காடு என்றால் கடிக்கும்,
அங்கே என்றால் அமுங்கும்,
அகம் என்றால் மூச்சாய்ப் போய்விடும்.
பக்கத்தில் யார் நிற்கிறார் என்று பார்த்துத்தான் வாசிக்கிறோம்,
குறி நடாத நிலத்தில்
மாடு போன தடத்திலேயே போவது மாதிரி.
அப்படிப் போனவர்களையும் எனக்குத் தெரியும்.

ஆள் என்ற எழுத்துக்குப் பக்கத்தில்
கால் மடக்கி இருக்கிற மாதிரி ஒரு குறி.
முன்னால் சொன்னதையே திரும்பச் சொல் என்று பொருள்.
ஆள், ஆள். அப்படியென்றால் சனங்கள்.
அது மட்டும் படிக்காமலே வந்தது எனக்கு.
அம்மா பொலித்தீன் பைக்குள் கொண்டு திரிகிற படிவத்தில்
முதல் வரி: பெரியண்ணா, திகதி, இடம் வட்டுவாகல்.
இரண்டாம் வரி: சின்னண்ணா.
திகதி மேற்படி. இடம் மேற்படி.
மூன்றாம் வரி மாமா. மேற்படி, மேற்படி.
எழுதின உத்தியோகத்தர் கெட்டவரில்லை,
வெளியே வெயிலில் இன்னும் நூறு பேர் நின்றார்கள்.
அம்மா வீட்டுக்கு வந்து, பேனை தேடி,
ஒவ்வொரு மேற்படியையும் வெட்டிவிட்டு
வட்டுவாகல்
வட்டுவாகல்
என்று எழுதினா, கோணலாய், கட்டத்துக்கு வெளியே.

பிறகு அந்தச் சின்ன ட்ஸு.
மற்ற எழுத்துகளின் இடுப்பளவுதான் உயரம்.
அதை வாசிக்கக் கூடாது. விட்டுவிடவும் கூடாது.
அந்த இடத்தில் குரலை நிறுத்தி
ஒரு மாத்திரை இருந்துவிட்டுத் தாண்ட வேண்டும்.
எங்கள் மெய்யெழுத்துக்கே அரை மாத்திரைதான்.
ஒன்றும் சொல்லாததற்கு அவர்கள்
முழுசாய் ஒன்று கொடுக்கிறார்கள்.

வகுப்பில் எல்லோரும் அதில்தான் அவசரப்படுகிறார்கள்.
நான் பிழைவிடுவதில்லை.
கருவி ஒரு தரம் கத்தி ஓய்ந்த பிறகு
கையை எடுக்காமல்,
கிளறுகோலை இறக்காமல்
இருக்கிற நேரம் அது.

அடுத்த பரீட்சை ஆடியில்.
ஒசாகாவில் முதியோர் இல்லம் ஒன்றுக்கு ஆள் எடுக்கிறார்களாம்.
கட்டில் கால்மாட்டில் அட்டை தொங்கும்.
வட்டம் என்றால் முழுதும் சாப்பிட்டார்,
முக்கோணம் என்றால் பாதி,
புள்ளடி என்றால் தொடவேயில்லை.
அம்மாவுக்கு, இரவில், பெரும்பாலும் முக்கோணம்.